உடையும் டம்ளரைக் கொடுங்கள்

எங்கள் மழலையர் வகுப்பில் குழந்தைகள் தண்ணீர் குடிப்பது கண்ணாடி டம்ளரில். சேர்க்கைக்கு வரும் பெற்றோர் முதலில் கேட்பது அதைத்தான்: "உடைச்சிட மாட்டாங்களா மிஸ்?" சில சமயம் உடையும். சில்லுகளை நாங்கள் அள்ளிவிடுவோம். சிந்திய தண்ணீரை அந்தக் குழந்தையே துணி எடுத்துவந்து துடைக்கும். திட்டு கிடையாது. கவனமாகப் பிடிக்க வேண்டும் என்பதை நாம் சொல்லும் எந்தப் புத்திமதியையும்விட அந்த டம்ளர் நன்றாகக் கற்றுக்கொடுக்கிறது.

இது மரியா மாண்டிசோரி காட்டிய வழி. மருத்துவரான அவர் 1907-ல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939-ல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் கற்பித்தார்.

அவர் முறையில் வகுப்புக்கு ஒவ்வொரு சாதனமும் ஒன்றே ஒன்றுதான். இளஞ்சிவப்புக் கோபுரம் என்ற சாதனத்தின் 10 கட்டைகளை ஒரு பிள்ளை அடுக்கினால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். முடித்ததும் அடுத்தவருக்காக எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். பொறுப்பு அங்கேதான் பழகுகிறது. மர உருளைகளைக் குழிகளில் பொருத்தும்போது பிசகினால் கடைசியில் ஒன்று மிஞ்சும். தவற்றைச் சுட்டிக்காட்ட டீச்சர் தேவையில்லை. யாரும் சொல்லாமலே குழந்தை எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி தொடங்குகிறதே, அந்த முனைப்பைத்தான் படிப்பின் மீதான ஆசை என்பேன். அதற்கு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டினால், ஆசை ஸ்டிக்கர் மேல் போய்விடும்.

இந்த முனைப்பு வீட்டிலும் வளர, பெற்றோரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். காலையில் உங்கள் பிள்ளை தானே ஷூ மாட்டிக்கொள்ள 10 நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள்.