முதுகில் ஒட்டும் சென்சர் யாருக்காக அளக்கிறது?

பேலியகொடை மெனிங் சந்தைக்கு விடியுமுன்னே லொறிகள் வந்துவிடும். 2020 நவம்பரில் புறக்கோட்டையிலிருந்து இங்கே மாறிய சந்தை இது. லொறியிலிருந்து மரக்கறி மூட்டையைத் தோளில் வாங்கிக் கடைக்குக் கொண்டுசேர்ப்பவர்கள் நாட்டாமைகள். ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேச தொழில் தாபனம் 1967இலேயே பரிந்துரைத்துவிட்டது. அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனமான நியோஷின் கணக்கோ, எல்லாம் வசதியாக அமைந்த இடத்திலும் 23 கிலோவிலேயே நின்றுவிடுகிறது.

இந்த உழைப்பில் முதுகும் முழங்காலும் படும் பாட்டை அளந்து சொல்லும் சென்சர்கள் இன்று இருக்கின்றன. கையில் கட்டும் ஸ்மார்ட் கடிகாரத்திலும் இடுப்புப் பட்டியிலும் இருப்பவை அசைவை அளப்பவை: எவ்வளவு வேகமாகத் திரும்பினீர்கள், எத்தனை முறை குனிந்தீர்கள் என்று பதியும். இன்னொரு வகை தசையின் மின்சாரத்தையே படிக்கிறது. ஈ.எம்.ஜி. என்பது அதுதான். நல்ல காரியத்துக்கும் இது உதவுகிறது. கை அசைக்கச் சிரமப்படுவோருக்காக, தசைச் சைகையைப் படித்து இயங்கும் துணைக்கருவிகளை மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பயோனிக்ஸ் ஆய்வுகூடம் ஆராய்ந்து வருகிறது. பக்கவாதத்துக்குப் பிறகு கையை மீட்டெடுக்கும் ஒருவருக்கு, தன் தசை மெல்ல விழித்துக்கொள்வதைத் திரையில் காண்பதே பெரிய தைரியம்.

ஆனால் அதே கருவி முதலாளியின் கையில் கூலிக் கணக்குப் புத்தகமாக மாறினால் என்ன ஆகும் என்பதே என் கவலை.

முதுகுத் தசையை எப்படி அளக்கிறார்கள் என்று பாருங்கள். தோலை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, முடி இருந்தால் மழித்து, முதுகெலும்புக்குப் பக்கத்தில் தசை ஓடும் திசையிலேயே இரண்டு சிறு வட்டப் பட்டைகளை ஒட்டுவார்கள். எலும்பு மேடான இடத்தில் மூன்றாவது ஒன்று. தசையிலிருந்து கிடைக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கும் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும். பட்டை சற்று விலகினாலும், வியர்வையில் பசை இளகினாலும், தோலுக்கடியில் கொழுப்புக் கூடினாலும் எண் மாறிவிடும். ஆகவே ஒருவருடைய எண்ணை இன்னொருவருடையதோடு அப்படியே ஒப்பிடவே முடியாது. அவரவர் முழுப்பலத்தையும் முதலில் அளந்து, அதன் விகிதமாகத்தான் எதையும் சொல்ல வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஒரே சுமையைத் தொடர்ந்து தூக்கும்போது, களைத்த தசையின் சைகை பெரும்பாலும் பெரிதாகிறது. அதன் அதிர்வெண்தான் இறங்குகிறது. விஷயம் தெரியாத மேற்பார்வையாளர் அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து, ‘இவன் நன்றாக உழைக்கிறான்’ என்று இன்னும் இரண்டு மூட்டையை ஏற்றிவிடுவார். உண்மையில் ஓய்வு தேவைப்படுபவர் அந்த மனிதர்தான். கைக்கடிகாரமும் நம்பத்தக்க சாட்சி அல்ல. தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடப்பவரின் மணிக்கட்டு வீசுவதில்லை. அவருடைய காலடிகளில் பலவற்றை அது எண்ணாமலே விட்டுவிடும்.

வேலையாளை நொடிக்கணக்கில் அளப்பது வெறும் கற்பனைப் பயமல்ல. களஞ்சியத் தொழிலாளர்கள் கையில் வைத்திருக்கும் ஸ்கேனர் மூலம் அவர்களுடைய ஒவ்வொரு இடைவேளையையும் அளந்ததற்காக, அமேசானின் பிரெஞ்சுக் களஞ்சிய நிறுவனத்துக்கு அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 3 கோடியே 20 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது. 2024 ஜனவரியில் அது வெளியானது.

இலங்கையிலும் சட்டம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவை விசேட வகையில் வைக்கிறது. சம்மதம் என்பது சுயவிருப்பத்தோடு, விவரம் தெரிந்து, தெளிவாகக் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. கொடுத்த சம்மதத்தை மீளப்பெறவும், தன் தரவைப் பார்க்கவும், திருத்தவும், அழிக்கக் கோரவும், கணினி தானாக எடுத்த முடிவை மறுபரிசீலிக்கக் கேட்கவும் அது வழிவகுக்கிறது. மீறினால் ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த இதன் முக்கியப் பகுதிகள் தள்ளிவைக்கப்பட்டன. இந்தத் தாமதம் நியாயமற்றது. நாட்கூலிக்காரருக்குத்தான் இதன் பாதிப்பு அதிகம்.

அதனால் சென்சர் கட்டச் சொன்னால் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்: எதை அளக்கிறீர்கள், யார் பார்ப்பார், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், இதைக் காட்டிக் கூலியைக் குறைப்பீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தனியாகக் கேட்கத் தயங்கினால் சங்கத்தோடு சேர்ந்து கேளுங்கள்.

இத்தகைய கருவிகளைக் கடையில் வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. தசையைப் படிக்கும் கருவி வேறு, தசைக்குள் மின்சாரம் செலுத்தும் பட்டி வேறு. இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் இரண்டாவதைத் தொடவே கூடாது. ஊசி குத்தாமலே இரத்தச் சீனியைச் சொல்லும் என்று விற்கப்படும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம் என 2024 பெப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. நோயைக் கண்டறியும் என்று சொல்லி விற்றால், அது தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவானதா என்று கேளுங்கள். பற்றுச்சீட்டை எறிந்துவிடாதீர்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். எழுத்துமூல முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

சென்சர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுமை தூக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போய், வேலையில் நேர்ந்த காயம் என்று பதியச் சொல்லுங்கள். யாருடைய சரக்கு, எத்தனை மணி, பக்கத்தில் நின்றவர் யார் என்று குறித்து வையுங்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒருவருடைய வியாபாரத்துக்காக வேலைக்கு அமர்த்தப்பட்டவர், நாட்கூலிக்காரர் என்ற ஒரே காரணத்தால் அதற்கு வெளியே போய்விடுவதில்லை. கோரிக்கையைத் தாமதிக்காமல் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் கொடுங்கள்.