விழிக்க மறுக்கும் சிறு கணினி

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கு நோக்கிச் சென்றால் மாமல்லபுரக் கடற்கரையை அடைகிறோம். அங்குள்ள பாறைகளில் முடிவு பெறாத சிற்பங்கள் பல இருப்பதை மாணவ நண்பர்கள் கண்டிருப்பீர்கள். சிற்பி ஏதோ ஒரு நாள் உளியைக் கீழே வைத்தான், வேலை நின்றது. ஆயினும் அதுவரை அவன் செதுக்கியது பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அப்படியே நிற்கிறது. கல்லில் செய்யும் வேலை பாதியில் நின்றால், மீதி இல்லாமற் போகுமேயன்றி, முன்பு செய்தது கெடுவதில்லை.

இன்றைய சிறு கணினிகள் எழுதும் எழுத்து அத்தகையதன்று. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், எழுத வந்தது மட்டுமன்றி, முன்பே எழுதி வைத்ததும் சில சமயங்களில் கெட்டுவிடுகிறது. பிறகு மின்சாரம் வந்தாலும் கணினி விழிப்பதில்லை. இந்தப் பழுது எவ்வாறு உண்டாகிறது, அதை எவ்வாறு ஆராய்ந்து தீர்ப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஒரு கருவிக்குள் அடங்கி, ஒரே வேலையை இடைவிடாமல் செய்துகொண்டிருக்கும் கணினியை உட்பொதி கணினி என்கிறோம். வானிலைக் கருவி, நீர்மட்டக் கருவி, கண்காணிப்புக் கேமரா முதலியவற்றுள் அது இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ‘ராஸ்பெரி பை’ என்னும் உள்ளங்கை அளவுள்ள கணினிப் பலகை, மாணவர்களே இத்தகைய கருவிகளை அமைக்க வழி செய்தது. இதில் பெரும்பாலும் விரல் நகம் அளவுள்ள நினைவக அட்டையே ஏடும் பெட்டியும் ஆகும். கணினி விழிப்பதற்கு வேண்டிய கட்டளைகளும், அது சேர்க்கும் தகவல்களும் அந்த ஒரே அட்டையில்தான் இருக்கின்றன.

செங்கற்பட்டுக் கொளவாய் ஏரியின் நீர்மட்டத்தை நிமிடந்தோறும் அளந்து எழுதும் கருவி ஒன்றைக் கல்லூரி மாணவர்கள் அமைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரையில் பெய்கிறது. கருவிக்கு வேலை மிகுந்த காலம் அதுதான். மின்சாரம் அடிக்கடி நின்று வரும் காலமும் அதுதான். 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இரவில் ‘மாண்டஸ்’ புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. அத்தகைய இரவுகளில் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவதும் உண்டு. மரம் விழுந்து கம்பி அறுந்து நிற்பதும் உண்டு. மறுநாள் மின்சாரம் வருகிறது. ஆனால் கருவி விழிக்கவில்லை. புயல் இரவின் அளவுகள், அதாவது ஆண்டு முழுவதிலும் மிக வேண்டிய அளவுகள், அட்டைக்குள் அகப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றை மீட்பதா, இழப்பதா என்பது அடுத்த ஒரு மணி நேரத்தில் மாணவர்கள் செய்யும் செயலைப் பொறுத்தது.

முதலில், அட்டையில் எழுத்து எவ்வாறு வைக்கப்படுகிறது என்று பார்ப்போம். அட்டை பல இலட்சம் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கோப்பு ஒரே இடத்தில் இருக்க வேண்டுமென்பதில்லை. பல கட்டங்களில் சிதறி இருக்கலாம். எந்தக் கோப்பு எந்தெந்தக் கட்டங்களில் இருக்கிறது, எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்குத் தனிப் பதிவேடு உண்டு. கோப்புகளையும் பதிவேட்டையும் சேர்த்து ஆளும் ஒழுங்கையே கோப்பு அமைப்பு என்கிறோம். கிராமத்து நிலத்தையும், நில உரிமையைக் காட்டும் கணக்கையும் எண்ணிப் பாருங்கள். கணக்கு ஏடு கிழிந்தால் நிலம் மறைந்துவிடுவதில்லை. எந்த நிலம் யாருடையது என்பதுதான் தெரியாமற் போகிறது. கோப்பு அமைப்பு கெட்டது என்று சொல்லும்போதும் பெரும்பாலும் நிகழ்வது இதுவே. கெட்டது பதிவேடு, தகவல்களில் பெரும்பகுதி தம் இடத்திலேயே இருக்கின்றன.

பதிவேடு ஏன் கெடுகிறது? ஒரு கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டுமானாலும் கணினி பல இடங்களில் எழுத வேண்டும். புதிய கட்டத்தில் வரியை எழுத வேண்டும். அந்தக் கட்டம் இனிக் காலியன்று என்று குறிக்க வேண்டும். கோப்பின் நீளத்தை மாற்ற வேண்டும். இவ்வேலைகளுக்கு நடுவே மின்சாரம் நின்றால், ஒரு பதிவு மற்றொரு பதிவோடு முரண்படக்கூடும். இதற்கு வணிகர்கள் நெடுநாளாகக் கையாளும் முறையே மருந்தாயிற்று. வரவு செலவை உடனே சிட்டையில் குறித்துக்கொண்டு, பின்னர்ப் பேரேட்டில் ஏற்றுவது கடைக்கணக்கர் வழக்கம். பேரேட்டு வேலை நடுவில் நின்றாலும், சிட்டையைப் பார்த்து மறுபடி எழுதலாம். கணினியிலும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதி, பிறகு உரிய இடத்தில் எழுதும் முறை வந்தது. லினக்ஸ் இயங்குதளத்தில் 2001-ஆம் ஆண்டு ‘எக்ஸ்ட்-3’ என்னும் கோப்பு அமைப்பும், 2008-ஆம் ஆண்டு ‘எக்ஸ்ட்-4’ என்னும் கோப்பு அமைப்பும் இவ்வகையில் சேர்க்கப்பட்டன.

அவ்வாறாயின் பழுதே வரக்கூடாதே என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணங்களால் வருகிறது. ஒன்று, வழக்கமான அமைப்பில் இக்குறிப்பேடு பதிவேட்டைக் காக்கிறதேயன்றி, கோப்பின் உள்ளே இருக்கும் தகவலைக் காப்பதில்லை. அன்றியும், கணினி எழுத வேண்டியதை உடனே அட்டைக்கு அனுப்பாமல், அரை நிமிடம் வரையில்கூடத் தன் தற்காலிக நினைவில் வைத்திருக்கும். அதற்குள் மின்சாரம் நின்றால் அத்தகவல் போயிற்று. மற்றொரு காரணம் அட்டையின் இயல்பு. அதன் நினைவணுக்களைத் தனித்தனியே அழித்து எழுத இயலாது. ஒரு பெரிய தொகுதியை முழுவதும் அழித்த பிறகே மீண்டும் எழுத இயலும். ஒரு தொகுதியை அழிப்பதற்கும் அளவுண்டு. அவ்வளவு முறைக்குப் பின் அது தேய்ந்துவிடும். ஆகவே அட்டைக்குள் இருக்கும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லு, தேய்மானம் ஓரிடத்தில் மிகாதபடி தகவல்களை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த இடமாற்றத்தின் நடுவே மின்சாரம் நின்றால், பல நாட்களுக்கு முன் எழுதி, இன்று யாரும் தொடாத கோப்பும் கெடக்கூடும். கணினியின் குறிப்பேட்டுக்கு இது தெரியவே தெரியாது.

இனி, கணினி விழிக்கும் முறையைக் காண்போம். அது ஒரே செயலன்று, படிப்படியாக நிகழ்வது. மின்சாரம் வந்ததும், சில்லில் நிலையாகப் பொறிக்கப்பட்ட சிறு கட்டளைத் தொகுதி முதலில் இயங்குகிறது. அது தொடக்க நிரலைத் தேடிப் படிக்கிறது. தொடக்க நிரல் இயங்குதளத்தின் கருவை நினைவில் ஏற்றுகிறது. கரு, கோப்பு அமைப்பைத் தன்னோடு இணைத்துக்கொள்கிறது. கடைசியாக, நீர்மட்டம் அளப்பது போன்ற நம் நிரல்கள் தொடங்குகின்றன. ஆகவே ‘கணினி விழிக்கவில்லை’ என்பது நோயின் பெயரன்று. எந்தப் படியில் நின்றது என்று காண்பதே நோயறியும் வழி.

விளக்கே எரியவில்லையென்றால் குறை மின்சாரத்தில் இருக்கிறது. அட்டையைக் குற்றஞ் சொல்வதில் பயனில்லை. மின்விளக்கு எரிந்தும், அட்டை படிக்கப்படுவதைக் காட்டும் விளக்கு சிமிட்டவில்லையென்றால், தொடக்க நிரல் கிடைக்கவில்லை என்று கொள்ளலாம். அட்டை சரியாகப் பொருந்தாமலிருக்கலாம். உப்புக்காற்று வீசும் கரையோரத்தில் அதன் தொடுமுனைகளில் களிம்பு படிந்திருக்கலாம். திரையில் எழுத்துக்கள் ஓடி, கோப்பு அமைப்பை இணைக்க இயலவில்லை என்று நின்றால், பதிவேட்டில் பழுது இருக்கலாம். கணினி விழித்தும் எதையும் எழுத மறுத்தால், பிழையைக் கண்ட கரு, மேலும் கெடாதிருக்கும் பொருட்டு அட்டையைப் படிக்க மட்டும் இணைத்திருக்கிறது என்பது பொருள். விழித்து விழித்து மீண்டும் அணைந்தால், மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். இப்பலகைக்கு 5 வோல்ட் வேண்டும். மெல்லிய நீண்ட கம்பி வழியே வரும்போது அது குறைந்துவிடுவதுண்டு. ஐயம் தீர எளிய சோதனை ஒன்று இருக்கிறது. நல்லதென்று தெரிந்த வேறோர் அட்டையை அக்கணினியில் இட்டுப் பாருங்கள். அதனோடும் விழிக்கவில்லையென்றால் குறை அட்டையில் மட்டும் இல்லை.

அட்டையே பழுது என்று தெளிந்த பிறகு செய்ய வேண்டிய முதல் வேலை, அதைச் சரிசெய்வதன்று, படியெடுப்பது. பழுதான அட்டையை வேறு கணினியில் பொருத்தி, அதில் எதையும் எழுதாமல், முதற் கட்டம் முதல் கடைசிக் கட்டம் வரையில் அப்படியே ஒரு படி எடுத்துக்கொள்ள வேண்டும். படிக்க இயலாத கட்டங்களைத் தாண்டிச் சென்று, பின்னர் மீண்டும் முயலும் நிரல்கள் இதற்கென உள்ளன. பிறகு அந்தப் படியின் மேல்தான் பழுது பார்க்கும் நிரலை ஓட்ட வேண்டும். ஏனெனில் அந்நிரலின் கடமை பதிவேட்டின் முரண்பாட்டை நீக்குவது. உங்கள் தகவலைக் காப்பதன்று. முரண்பாட்டை நீக்க ஒரு கோப்பையே நீக்குவதும் அதற்குச் சம்மதமே. உரியவர் தெரியாத துண்டுகளை அது தனி அடைவு ஒன்றில், பெயருக்குப் பதிலாக எண்ணிட்டுப் போட்டுவைக்கும். புயல் இரவின் அளவுகள் அங்கே கிடைத்தாலும் கிடைக்கலாம். இயங்கிக்கொண்டிருக்கும் கோப்பு அமைப்பின் மேல் இந்நிரலை ஓட்டுவது பெருந்தீங்கு. அட்டையைப் புதிதாக வகுக்கலாமா என்று கணினி கேட்கும்போது, அவசரத்தில் ‘ஆம்’ என்பதும் அவ்வாறே.

ஆராய்ந்து நடப்பதன் சிறப்பை உலகம் அறிந்த நிகழ்ச்சி ஒன்று காட்டும். 2004-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் ‘ஸ்பிரிட்’ என்னும் ஊர்தி செவ்வாய்க் கோளில் இறங்கியது. அதன் கணினியின் வேகம் 20 மெகாஹெர்ட்ஸ். தற்காலிக நினைவகம் 128 மெகாபைட். தகவல்களைச் சேமிக்கும் ஃப்ளாஷ் நினைவகம் 256 மெகாபைட். ஜனவரி 21-ஆம் நாள் அதனுடன் தொடர்பு தடுமாறியது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலுள்ள நிலையத்தில் பெய்த மழையே காரணமாயிருக்கலாம் என்று முதலில் எண்ணினார்கள். பின்னர்தான் உண்மை விளங்கிற்று. ஊர்தியின் கணினி மீண்டும் மீண்டும் விழித்து, மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்துகொண்டிருந்தது. இரவில் உறங்க வேண்டிய கருவி உறங்காமல் மின்கலத்தைத் தீர்த்துக்கொண்டிருந்தது.

கைவைத்துப் பார்க்க வழியில்லை. ஒரு சொல் சென்று சேரவே ஏறத்தாழப் பத்து நிமிடம் ஆயிற்று. பொறியியலார் விழிப்பின் படிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, கோப்பு அமைப்பை இணைக்கும் படியிலேயே கணினி தடுக்கி விழுகிறது என்று ஊகித்தனர். ஃப்ளாஷ் நினைவகத்தைத் தொடாமலே விழித்தெழுமாறு அதற்குக் கட்டளை அனுப்பினர். கணினி விழித்து நின்றது. ஊகம் உறுதியாயிற்று. பயணத்தின்போதும் அதன் பின்னரும் சேர்ந்துவிட்ட கோப்புகளின் எண்ணிக்கை மிகுந்து, அவற்றின் பதிவேட்டை ஏற்றுவதற்குத் தற்காலிக நினைவில் இடம் போதவில்லை என்பதே காரணம். வேண்டாத கோப்புகளை நீக்கி, பின்னர்ப் பிப்ரவரியில் அந்நினைவகத்தைப் புதிதாக வகுத்தனர். 90 செவ்வாய் நாட்களுக்கென அனுப்பிய ஊர்தி, 2010-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரையில் செய்தி அனுப்பிற்று. அங்கே கெட்டுப்போனது பொருளன்று; இடத்தின் அளவு மீறியது. கொளவாய்க் கருவியிலும் அட்டை நிரம்பிவிட்டால் இதே குறிகள் தோன்றலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

பழுது வராமற் காப்பதற்கும் வழிகள் உண்டு. இயங்குதளம் இருக்கும் பகுதியைப் படிக்க மட்டும் இணைத்து, தகவல்களைத் தனிப் பகுதியில் எழுதலாம். அப்போது மின்சாரம் நின்றாலும் கணினி விழிக்க வழி இருக்கும். கோப்பைத் திருத்தும்போது, புதிய கோப்பாக எழுதி, அது அட்டையைச் சேர்ந்தது என்று உறுதி செய்த பின்னர்ப் பழைய பெயரை அதற்கு மாற்றலாம். மின்சாரம் நின்றதை அறிந்து கணினி ஒழுங்காக அணைவதற்கு, சில நிமிடம் தாங்கும் சிறு மின்கலம் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, தகவலின் படி ஒன்று நாள்தோறும் வேறோர் இடத்துக்குச் செல்ல வேண்டும். அந்தப் படியிலிருந்து உண்மையில் மீட்க முடிகிறதா என்று மழைக்காலம் வருமுன் ஒருமுறை சோதித்துப் பார்ப்பதும் அவசியம்.

இங்கே சொன்னவை சிறு கணினிக்கு மட்டும் உரியவை அல்ல. எந்தப் பழுதைக் கண்டாலும், எங்கே நின்றது என்று காணுங்கள். உள்ளதைப் படியெடுத்துக் காத்துக்கொள்ளுங்கள். அதன் பின்னரே கை வையுங்கள். இந்த வரிசை மாறாதவரையில், அந்தப் புயல் இரவின் அளவுகள் மீண்டு வருவதற்கு வழி இருக்கிறது.