கிண்டியில் இறங்க மறந்த கதை

போன வாரம் தாம்பரத்துல ட்ரெயின் ஏறினேன். கிண்டியில இறங்கணும். தலை நிமிர்ந்து பார்த்தா மாம்பலம்! ஆபீஸ் மீட்டிங்ல பாதியில போய் நின்னேன். காரணம் போன் இல்ல. சுஜாதாவோட 'கொலையுதிர் காலம்'.

சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. வேலைக்குச் சேர்ந்தப்புறம் ஒரு புத்தகத்தைக்கூட நான் முழுசா முடிச்சதில்ல. பத்து பக்கம் தாண்டினா கை தானா போனைத் தேடும். இனிமே நமக்கு வாசிப்பு வராதுன்னே முடிவு பண்ணியிருந்தேன்.

இது மட்டும் எப்படி இழுத்துச்சு? முதல் காரணம், இது குமுதத்துல தொடரா வந்த கதை. வாசகர் அடுத்த வாரமும் கடைக்கு வரணும். அதனால ஒவ்வொரு அத்தியாயமும் பதில் வர்ற இடத்துல முடியாது, கேள்வி பெரிசாகிற இடத்துல முடியும். நடக்கறது பேயா, ஹாலோகிராமா? ஒரு பக்கம் சாய்ஞ்சோம்னா உடனே மறுபக்கம் தள்ளிவிடுவார். எழுதினவர் நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில படிச்ச இன்ஜினியர், பெங்களூர் பெல் நிறுவனத்துல வேலை பார்த்தவர், வாக்குப்பதிவு இயந்திரத்துல பங்கு உள்ளவர். ஆனா டெக்னாலஜி வர்ற இடத்துல கிளாஸ் எடுக்க மாட்டார். கணேஷும் வசந்தும் பேசிக்கிற பேச்சுலயே அது நமக்குப் புரிஞ்சுடும். (பொண்ணுங்களைப் பத்தி வசந்த் அடிக்கிற கமெண்ட் மட்டும் இன்னிக்குப் படிச்சா நெளிய வைக்குது. அதையும் சொல்லிடணும்.)

நான் படிச்சது கடையில வாங்கினது இல்ல. சேலையூர்ல இருக்கிற அத்தை, வாராவாரம் பக்கங்களைக் கிழிச்சு, சேர்த்து, பைண்ட் பண்ணி வெச்சது. நடுவுல ஒரு வாரம் இல்ல! கடுப்புல உடனே போன் பண்ணேன்.

"அந்த வாரம்தான்டா உங்க தாத்தா போனார். வீட்ல யாரும் புக் வாங்கலை."

கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க.

"பத்தாம் நாள் காரியத்துக்கு முன்னாடியே பக்கத்து வீட்ல இரவல் வாங்கி, கொல்லைப்பக்கம் உட்கார்ந்து படிச்சுட்டேன். எப்படி மனசு வந்துச்சுன்னு இன்னும் தெரியலடா. யார்கிட்டயும் சொன்னதில்ல. இரவல் புக்குல்ல, எப்படிக் கிழிக்கிறது?"

அந்த ஒரு அத்தியாயத்துக்காகப் புதுசா புத்தகம் வாங்கினேன். இந்த எபிசோட்ல அத்தையைப் பத்திப் பேசலாமான்னு கேட்டேன். "பேரைச் சொல்லாதே"ன்னாங்க. அப்புறம், "புதுப் புக்குல எழுத்து பெரிசா இருக்கா?"