போன வருஷம் போட்ட ஃப்ளூ ஊசி இந்த வருஷம் போதாதா?

மழைக்காலம் வந்தாலே காந்திபுரம் பக்கம் கிளினிக்குகளில் சளி, இருமல், காய்ச்சல் கூட்டம்தான். வயதானவர்களுக்கு டாக்டர் ஃப்ளூ ஊசி எழுதிக் கொடுத்தால், "போன வருஷம்தானுங்க போட்டோம், மறுபடி எதுக்குங்க?" என்ற கேள்வி வரும்.

நியாயமான கேள்விதான். காரணம் இரண்டு. ஊசி தரும் பாதுகாப்பு மாதங்கள் போகப் போகக் குறையும். இன்னொன்று, வைரஸே மாறிக்கொண்டு இருக்கும்.

என்ன மாறுகிறது?

ஃப்ளூ வைரஸின் மேற்பரப்பில் இருக்கும் 'ஹீமாக்ளூட்டினின்' என்ற புரதத்தை வைத்துத்தான் நம் உடலின் ஆன்டிபாடிகள் அதை அடையாளம் காண்கின்றன. வைரஸ் பெருகும்போது அதன் மரபணுவில் சின்னச் சின்னப் பிழைகள் விழும். டவுன் பஸ்ஸில் கீறல் விழுந்தாலும் நம்பர் போர்டைப் பார்த்து ஏறிவிடுவோம். போர்டே மாறிவிட்டால்? ஆன்டிபாடிக்கும் அதே குழப்பம்தான்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நோயாளிகளின் மூக்கு, தொண்டையில் எடுக்கும் மாதிரிகளில் இரண்டு சோதனைகள் நடக்கும். முதலில், மரபணு வரிசையைப் படித்து எங்கே மாற்றம் என்று பார்ப்பார்கள். அடுத்து, பழைய வைரஸ் தொற்றிய ஃபெரெட் (கீரி போன்ற சிறு விலங்கு) ரத்தத்தின் சீரம், புதிய வைரஸைத் தடுக்கிறதா என்று சோதிப்பார்கள். தடுக்கவில்லை என்றால், ஊசியை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்பு வலையமைப்பு 1952 முதல் இதைச் செய்கிறது. இந்தியாவில் இந்தப் பொறுப்பு புனேவின் தேசிய வைராலஜி நிறுவனத்துக்கு. வட அரைக்கோள ஊசியில் எந்த வைரஸ்கள் இருக்க வேண்டும் என்பது பிப்ரவரியிலும், தென் அரைக்கோளத்துக்கு செப்டம்பரிலும் முடிவாகும்.

ஊசி நிஜமாகவே மாறியிருக்கிறதா?

2009-ல் பரவிய ஹெச்1என்1-க்கு 'கலிஃபோர்னியா' வகை வைரஸ்தான் பல ஆண்டுகள் ஊசியில் இருந்தது. 2016 செப்டம்பரில், அதற்குப் பதிலாக 'மிச்சிகன்' வகை பரிந்துரைக்கப்பட்டது. 2017-ல் இந்தியாவில் பரவியதும் மிச்சிகன் வகைதான். அந்த ஆண்டு நாட்டில் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஹெச்1என்1 உறுதியானது. 2,200-க்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

கணிப்பு தவறினால்?

ஊசி தயாரிக்க சுமார் ஆறு மாதம் ஆகும். அதற்குள் வைரஸ் முந்திக்கொள்வதும் உண்டு. 2025 பிப்ரவரியில் தேர்வு முடிந்த பிறகுதான் ஹெச்3என்2-வின் 'கே' பிரிவு பல நாடுகளில் வேகமெடுத்தது. அப்போதும் ஊசி வீணாகிவிடவில்லை. மருத்துவமனையில் சேரும் அளவுக்கு நோய் முற்றாமல், குழந்தைகளுக்கு 70-75%, பெரியவர்களுக்கு 30-40% பாதுகாப்பு இருந்ததாக பிரிட்டனின் ஆரம்பத் தரவுகள் காட்டின.

யார் கவனிக்க வேண்டும்?

முதியவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், சர்க்கரை நோய், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டு வருஷா வருஷம் போட்டுக்கொள்வது நல்லது. போடும் முன் பெட்டியில் எந்த சீசன் என்று அச்சாகியிருக்கிறது, காலாவதி தேதி என்ன என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.