மாதவிடாய் நிற்கும் பருவம்: மறைத்து வைக்காதீர்கள் சகோதரிகளே!



சில காலத்துக்கு முன் ஒரு சகோதரர் மஃரிபுக்குப் பின் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு போத்தல் தண்ணீர். "மௌலவி, இதை ஓதித் தாங்க. வீட்டில அவவுக்கு என்னவோ கோளாறு. நடுச் சாமத்தில எழும்பி, வியர்த்து ஒழுக ஃபேனுக்குக் கீழே நிற்கிறா. சின்ன விசயத்துக்கும் கோபம், அழுகை. உடம்பும் பெருத்துப் போச்சு. கண்ணூறோ தெரியாது" என்றார்.

ஓதிக் கொடுத்தேன். பிறகு, "அவவுக்கு என்ன வயது?" என்றேன். 48 என்றார். "மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா?" என்று கேட்டேன். "அதெல்லாம் நான் கேட்கிறதில்லையே" என்று தலை குனிந்தார். கல்யாணம் முடித்து 25 வருடங்கள்! "முதலில் டொக்டரிடம் கூட்டிப் போங்கள்" என்று சொல்லி அனுப்பினேன்.

நம்மில் எத்தனை வீடுகளில் இதே கதை! ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

உடலில் நடப்பது என்ன?

பெரும்பாலான பெண்களுக்கு 45க்கும் 55க்கும் இடையில் மாதவிடாய் நிற்கிறது. தொடர்ந்து 12 மாதங்கள் வராதிருந்தால் நின்றுவிட்டது என்பர் வைத்தியர்கள். அதற்குச் சில வருடங்கள் முன்பிருந்தே ஈஸ்ட்ரஜன் என்னும் ஹோர்மோன் ஏறி இறங்கிக் குறைகிறது. திடீர்ச் சூடு, இரவு வியர்வை, தூக்கமின்மை, எரிச்சல், மூட்டு வலி, தாம்பத்தியத்தில் வலி எல்லாம் இதனால் வரலாம். இது நோயுமல்ல, பேயுமல்ல. அல்லாஹ் அமைத்த பருவ மாற்றம். மாதவிடாய் நின்ற பெண்களின் இத்தாவை ஸூறதுத் தலாக்கில் அல்லாஹ்வே தனியாகக் கூறியிருக்க, நாம் ஏன் பேச வெட்கப்பட வேண்டும்? மார்க்கத்தைக் கேட்டறிய வெட்கம் தடுக்காத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் புகழ்ந்தார்கள் அல்லவா?

தொழுகையை விட்டுவிடாதீர்கள்

இக்காலத்தில் இரத்தப்போக்கு ஒழுங்கின்றி வரும். சிலர் ஒரு மாதம், நாற்பது நாள் என்று தொழாமல் இருந்து விடுகிறார்கள். நமது ஷாபிஈ மத்ஹபில் ஹைழின் கூடிய அளவு 15 நாட்கள். அதைத் தாண்டினால் அது இஸ்திஹாழா. குளித்து, ஒவ்வொரு பர்ளுக்கும் வுழூச் செய்து தொழ வேண்டும். வழமையான நாட்களைக் கணக்கிடும் விதத்தை அறிந்த ஆலிமிடம் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். ஒரு வருடம் நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் தாமதிக்காமல் வைத்தியரிடம் செல்லுங்கள். பெரும்பாலும் சிறிய காரணமாக இருக்கலாம். ஆனால் கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் அது இருக்கக் கூடும். நேரத்தோடு கண்டால் குணப்படுத்த வழியுண்டு.

உடல் ஏன் பெருக்கிறது?

வயதோடு தசை குறைகிறது. உடலுக்குத் தேவையான உணவும் குறைகிறது. ஆனால் பீங்கானில் சோறு குறைவதில்லை. ஈஸ்ட்ரஜன் குறைவதால் கொழுப்பு வயிற்றில் சேர்கிறது. இடுப்பளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் சீனி வியாதி, பிரஷர் பற்றிக் கவனம் தேவை.

பிள்ளைகள் மிச்சம் வைத்ததை "வீண்விரயம்" என்று உம்மாதான் சாப்பிடுகிறார். வீண்விரயத்தைத் தவிர்க்கும் வழி அளவாக ஆக்குவது. நாளைக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் சீனி மட்டும் 40 கிராமுக்கு மேல். 25 கிராமுக்குள் இருப்பதே நல்லதென்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதிப் பீங்கானைக் கீரை, மரக்கறியால் நிரப்புங்கள். முள்ளோடு உண்ணும் நெத்தலி எலும்புக்கு நல்லது. திங்கள், வியாழன் நோன்பு பிடித்து, பொரித்த ரோல்ஸால் திறந்தால் எடை எப்படிக் குறையும்?

தொழுகையே போதுமான உடற்பயிற்சி என்று சிலர் சொல்வார்கள். தொழுகை இபாதத், நடை வேறு. நாளைக்கு 30 நிமிடம், வாரத்தில் 5 நாள் வேகமாக நடவுங்கள். ஸுபஹுக்குப் பின் ராத்தாவையோ அடுத்த வீட்டுக்காரியையோ சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு நாளாவது கதிரையில் இருந்து எழும்பி உட்காரும் பயிற்சி செய்தால் தசை பலப்படும். எடை குறைந்தால் சூடும் குறையக் கூடும்.

தாங்க முடியாத சூட்டுக்கு ஹோர்மோன் மருந்துகள் உண்டு. எல்லோருக்கும் அவை பொருந்தாது. வைத்தியர் ஆலோசனையோடுதான் எடுக்க வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயங்களின் வெல் வுமன் கிளினிக்கில் பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்துப் பரிசோதனைகளை இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

கணவர்மாருக்கு

இதை அவர்களிடமும் வாசிக்கக் கொடுங்கள். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்தார்கள். முதலில் அன்னை வென்றார்கள். பின்னர் உடல் சதை போட்ட காலத்தில் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் வென்று, அன்றைக்கு இது பதில் என்று சொன்னார்கள். மனைவி பருத்ததைக் குத்திக் காட்டவில்லை. அவரோடு சேர்ந்து ஓடினார்கள். நீங்கள் சேர்ந்து நடக்கவாவது கூடாதா?

அந்தச் சகோதரர் இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். பருவ மாற்றம்தான், கூடவே பிரஷரும் இருந்திருக்கிறது, மருந்து தொடங்கியாயிற்று என்றார். "இப்ப ரெண்டு பேரும் காலையில நடக்கிறோம் மௌலவி" என்றபோது என் மனம் நிறைந்தது.

வல்ல அல்லாஹ் நம் உம்மாமாருக்கும் சகோதரிகளுக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.