ஜாதகக் கட்டத்தில் கிடைத்த பாணி

படம் வரைகிற குமாஸ்தாக்கள் நம்மவரிடையே உண்டு. ஆறு நாளும் லெட்ஜர், ஞாயிற்றுக்கிழமை தூரிகை. பார்க்கிறவர், "பேஷ்! அப்படியே ரவிவர்மா!" என்பார். பாராட்டுத்தான். ஆனால் அன்றிரவு வரைந்தவருக்குத் தூக்கம் வராது. தன்னுடையது என்று இதில் என்ன இருக்கிறது?

இதே கேள்வியோடு பல வருஷம் மல்லுக்கட்டியவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் கோவையில் பிறந்த மலையாளி. தந்தை காலமானதும் படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தி இலாகா வேலைக்குப் போனார். பிறகு இன்ஷூரன்ஸ். 1936-ல், 25-வது வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர முடிந்தது. பின்னாளில் அதற்கே முதல்வரானார்.

கேரளக் காயலையும் தென்னையையும் நீர்வர்ணத்தில் தீட்டிப் பெயர் வாங்கினார். ஆனால் அது வெள்ளைக்காரர் கற்றுக்கொடுத்த பாணி. பிறகு வான்கோவின் சாயல் வந்து ஒட்டிக்கொண்டது. 1954-ல் லண்டனிலும் பாரிஸிலும் அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவர்கள் சரக்கை அவர்களிடமே கொண்டுபோய்க் காட்டுவதா? அஜந்தாவைப் பார்த்து வரையலாமென்றால் அதுவும் இரவல்தான். தாத்தா வீட்டு இரவல், அவ்வளவே வித்தியாசம்.

1963-ல் வழி பிறந்தது. கணக்குக் குறிகள், எண்கள், எழுத்துக்கள், ஜாதகக் கட்டம் போன்ற கோடுகள் இவற்றையே படமாக்கினார். முதலில் ஆங்கில எழுத்து. பிறகு அதை விட்டு மலையாள எழுத்து. வாசிக்கப் போனால் ஒரு வார்த்தையும் தேறாது. 'சொற்களும் குறிகளும்' என்று அந்த வரிசைக்குப் பெயர். வேடிக்கை என்னவென்றால், இதில் எந்தச் சாமானும் புதிதல்ல. எண்ணும் கட்டமும் நம் ஆபீஸ் பைலில் இல்லாததா? ஜாதக நோட்டு எந்த டிரங்குப் பெட்டியில் இல்லை? யாரும் அதை அப்படிப் பார்க்கவில்லை.

சொந்த வழியில் போனால் படம் விற்குமா? அரிசிக்கு வேறு வழி வேண்டுமே. பணிக்கரும் அவரது மாணவர்களும் பாட்டிக் துணி முதலிய கைவேலைகளை விற்று, 1966-ல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். வாங்குகிறவர் ருசிக்குத் துணி. தங்கள் ருசிக்குப் படம்.

1977-ல் பணிக்கர் மறைந்தார். இன்று எவராவது படத்தில் எழுத்தைக் கிறுக்கினால், "பணிக்கர் மாதிரி இருக்கிறதே" என்கிறார்கள்!

திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் அவர் படங்களுக்கென்றே தனிக்கூடம் உண்டு. லீவில் நாகர்கோவில் பக்கம் போகிறவர்கள் அங்கேயும் போய்ப் பார்க்கலாம்.