கால்நடை மருத்துவரின் மனதை யார் பார்ப்பது?

நகரத்துக் கால்நடை மருத்துவமனை ஒன்றில், சிறுநீரகம் செயலிழந்த பதினான்கு வயது நாய் மேசைமேல் படுத்திருக்கிறது. இனி வலிதான் மிச்சம் என்பதால் வீட்டார் கருணைக்கொலைக்குச் சம்மதித்துவிட்டார்கள். எல்லாம் முடிந்தபின் மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை அதன் நெஞ்சில் வைத்து, துடிப்பு நின்றதா என்று நிதானமாகக் கேட்கிறார். “போயிடுச்சுங்க” என்கிறார். அழுகிற பெரியவரின் தோளைத் தொட்டுவிட்டு, கை கழுவி அடுத்த அறைக்குப் போனால், தடுப்பூசிக்கு வந்த குட்டி ஒன்று துள்ளிக்கொண்டிருக்கிறது. கூட வந்த பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவரும் சிரித்தாக வேண்டும்.

நம் ஊரில் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் எந்த மருத்துவரும், தான் காப்பாற்ற முயன்ற உயிரைத் தன் கையாலேயே முடித்துவைப்பதில்லை. கால்நடை மருத்துவருக்கு அது அன்றாட வேலையில் ஒரு பகுதி. பிரிட்டனில் பார்ட்ராம், பால்ட்வின் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, அந்நாட்டுக் கால்நடை மருத்துவர்களிடையே தற்கொலை பொதுமக்களைவிடச் சுமார் நான்கு மடங்கு, பிற மருத்துவத் துறையினரைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்றது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினர் 1979 முதல் 2015 வரையிலான இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் சொன்னதும் இதே திசையில்தான்: ஆண்களுக்கு 2.1 மடங்கு, பெண்களுக்கு 3.5 மடங்கு.

விலங்குகள்மேல் வைத்த பாசம்தான் காரணம் என்று நினைக்கத் தோன்றும். ஆய்வாளர்கள் அதைவிட முக்கியமாகச் சுட்டுவது அறநெருக்கடியை. எது சரி என்று தெரியும், ஆனால் அதைச் செய்ய முடியாது என்ற நிலை அது. அறுவை சிகிச்சை செய்தால் பிழைக்கும். உரிமையாளரிடம் பணம் இல்லை. அல்லது விலங்கு துடிக்கிறது, பலன் இல்லாத சிகிச்சையைத் தொடரச் சொல்கிறார்கள். லிசா மோசஸ் குழுவினர் வட அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், பலனற்ற சிகிச்சை கேட்கப்பட்டதாகச் சொன்னவர்கள் 79 சதவீதம். இத்தகைய மோதல்களைக் கையாளவோ தன்னைப் பேணிக்கொள்ளவோ பயிற்சியே பெறாதவர்கள் 70 சதவீதத்துக்கும் மேல். உடற்கூறும் மருந்தியலும் ஆண்டுக்கணக்கில் படித்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை!

இந்த நெருக்கடி ஒரு நாடு முழுக்கப் பரவியதும் உண்டு. 2001இல் பிரிட்டனில் கோமாரி வந்தபோது 60 லட்சத்துக்கும் அதிகமான ஆடு, மாடு, பன்றிகள் கொல்லப்பட்டன. பக்கத்துப் பண்ணையில் நோய் என்பதற்காகவே நோயில்லாத மந்தைகளும் அழிக்கப்பட்டன. அதை முன்நின்று நடத்த வேண்டியிருந்தவர்களில் கால்நடை மருத்துவர்களும் அடக்கம்.

‘மனதைத் திடப்படுத்திக்கொள், யோகா செய்’ என்ற அறிவுரை இதற்குப் போதாது. மாற வேண்டியது வேலையின் அமைப்பு. கருணைக்கொலைக்குப் பிறகு சில நிமிடமாவது இடைவெளி வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் பக்கத்தில் மூத்தவர் ஒருவர் நிற்க வேண்டும். இரவுப் பணியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆபத்தான மருந்துகள் உள்ள அலமாரியை ஒருவர் தனியாகத் திறக்க முடியாதபடி வைக்க வேண்டும். பிரிட்டனில் ‘வெட்லைஃப்’ அமைப்பு இத்துறையினருக்காகவே 24 மணி நேரத் தொலைபேசி உதவி நடத்துகிறது. அமெரிக்காவில் 2014இல் தொடங்கிய ‘நாட் ஒன் மோர் வெட்’ அமைப்பில் சக மருத்துவர்களே ஒருவருக்கொருவர் தோள் கொடுக்கிறார்கள்.

நம் கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு டாக்டர்தான். கன்று போட முடியாமல் மாடு தவித்தால் நள்ளிரவிலும் அவருக்குத்தான் போன் போகும். கறவை மாடு செத்தால் ஒரு குடும்பத்தின் வருமானமே போகும் என்பதால், ஆத்திரமும் அவர்மேல்தான் பாயும். அந்தத் துக்கம் நியாயமானது. அதை அவர்மேல் கொட்டுவது நியாயமில்லை. மாடு படுத்த படுக்கையாகும்வரை காத்திராமல், தீவனம் எடுக்காத முதல் நாளே காட்டுங்கள். செலவு எவ்வளவு ஆகும் என்பதை முன்கூட்டியே மனம்விட்டுப் பேசுங்கள்.

இதைப் படிக்கும் கால்நடை மருத்துவரோ உதவியாளரோ மனம் தாங்காத நிலையில் இருந்தால், 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணை அழையுங்கள். கட்டணம் கிடையாது. தமிழிலேயே பேசலாம், எந்த நேரத்திலும்.